நீலத் திரை விழும் கம்ப்யூட்டருக்கு நான்கு வழிகள்: எங்கள் மலையில் எது சரிவரும்?

இலங்கை மலையகத்தில் ஒரு சடங்கு வீட்டில் நான் எடுத்த படங்களில் பதினொன்று கெட்டுப்போயின. மேல்பாதி தெளிவாக இருக்கிறது, கீழ்ப்பாதி வெறும் சாம்பல் பட்டை. கேமராவில் பார்த்தபோது எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றியபோதுதான் கெட்டிருக்கின்றன. அன்றிரவே அடுத்த வேலைக்காகக் கார்டை ஃபார்மட் செய்துவிட்டேன். பிள்ளையின் தலையில் அம்மாயி கைவைத்து வாழ்த்தும் படம் அந்தப் பதினொன்றில் ஒன்று.

அதற்கு முன் இரண்டு வாரமாக அந்தக் கம்ப்யூட்டர் நாளுக்கு ஒருதடவை நீலத் திரை (விண்டோஸின் பிழை அறிவிப்பு) காட்டி நின்றுகொண்டிருந்தது. நான் ரீஸ்டார்ட் செய்துவிட்டு வேலையைப் பார்த்தேன். காரணம் ரேம், அதாவது வேலை நடக்கும்போது தரவை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம் என்று பிறகுதான் தெரிந்தது. ரேம் தடுமாறும்போது கம்ப்யூட்டர் நின்றுபோவது சின்ன நட்டம். நிற்காமல் ஓடிக்கொண்டே தப்பான எழுத்தை டிஸ்க்கில் எழுதிவிடுவதுதான் பெரிய நட்டம். கீழே சொல்லும் நான்கு வழிகளையும் இதை மனதில் வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

முதலில் என் கம்ப்யூட்டர் பற்றி. பிராசசர் ஏஎம்டியின் ரைசன் 5 3600, பி450 மதர்போர்ட். தொடக்கத்தில் 8 ஜிபி ரேம் இரண்டு, பெட்டியில் வேகம் 3200 என்று போட்டிருந்தது. வீடியோ எடிட்டிங்குக்குப் போதவில்லை என்று செகண்ட்ஹேண்டில் இன்னும் இரண்டு 8 ஜிபி வாங்கிச் செருகினேன். வேறு பிராண்ட், அதிலும் 3200 என்றுதான் இருந்தது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை செட்டிங் பகுதி) ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பியை ஆன் செய்தேன். கம்ப்யூட்டர் ஏறியது, விண்டோஸ் வந்தது, 32 ஜிபி காட்டியது. சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பெட்டியில் போட்டிருக்கும் 3200 ரேமின் அடிப்படை வேகம் இல்லை. என்னுடையவை போன்ற டிடிஆர்4 ரேம்கள் எந்தச் செட்டிங்கும் தொடாமல் 1.2 வோல்ட்டில் 2133, 2400, 2666 என்ற ஏதோ ஒரு பொது அளவில்தான் ஓடும். எக்ஸ்எம்பி என்பது 2007இல் இன்டெல் கொண்டுவந்த ஏற்பாடு. ரேம் செய்த நிறுவனம் கூடுதல் வேகத்தையும் அதற்கு வேண்டிய வோல்ட்டேஜையும், பெரும்பாலும் 1.35, ஒரு புரொஃபைலாக ரேமுக்குள்ளேயே எழுதி வைக்கிறது. ஏஎம்டியின் எக்ஸ்போ 2022இல் டிடிஆர்5 உடன் வந்தது, அதே வேலைதான். இரண்டு நிறுவனங்களுமே இதை ஓவர்கிளாக் (பொது அளவைத் தாண்டி ஓட்டுவது) என்றுதான் கணக்கில் வைத்திருக்கின்றன. நல்ல மலையில், நல்ல சீசனில் எடுத்த கிலோவை எல்லா மலைக்கும் அளவாக வைத்தால் என்ன நடக்கும் என்று தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்களுக்குத் தெரியும். புரொஃபைலும் அப்படித்தான். உங்கள் மதர்போர்டும் உங்கள் பிராசசரும் அந்த வேகத்தைத் தாங்கும் என்று அது உறுதி தருவதில்லை.

என் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்திருந்தது. 3000 வரிசை ரைசனுக்கு ஏஎம்டி தரும் கணக்கு இது: இரண்டு ரேம் போட்டால் 3200. நான்கும் ஒற்றை ரேங்க் (சிப்கள் ஒரே தொகுதியாக உள்ள) ரேமாக இருந்தால் 2933, இரட்டை ரேங்க் என்றால் 2666. நான் நான்கு போட்டு 3200 கேட்டேன். பல மாதம் ஓடியது என் அதிர்ஷ்டம்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ரேம்தானா காரணம் என்று நிரூபித்தாக வேண்டும். எங்கள் பக்கம் கம்ப்யூட்டர் நிற்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) எல்லாக் காம்பராவிலும் ரைஸ் குக்கரும் ஹீட்டரும் போடும்போது கரண்ட் தாழ்ந்துபோகும். அந்த நேரத்தில் நீலத் திரையே வராமல் சடாரென்று அணைந்து மறுபடி ஏறினால், முதலில் கரண்டையும் பவர் சப்ளையையும் சந்தேகப்படுங்கள். விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவு இருக்கும். அதைப் பார்த்து பவர் சப்ளை போய்விட்டது என்று பலர் புதிதாக வாங்கிவிடுகிறார்கள். ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அந்தப் பதிவு வேறொன்றும் சொல்வதில்லை.

ரேமின் அடையாளம் வேறு. நீலத் திரையில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர் வரும். இன்று மெமரி மேனேஜ்மென்ட், நாளை பேஜ் ஃபால்ட், மறுநாள் ஐஆர்கியூஎல். பிரௌசரில் ஒரு டேப் மட்டும் செத்துப்போகும். டவுன்லோட் செய்த ஜிப் ஃபைல் திறக்காது, மறுபடி இறக்கினால் திறக்கும். ஒரே தவறு ஒரே இடத்தில் வந்தால் அது டிரைவர் அல்லது சாஃப்ட்வேர் கோளாறாக இருக்கலாம். தவறு இடம் மாறி மாறி வந்தால் என் முதல் சந்தேகம் ரேம்தான்.

சோதிப்பது இப்படி. பயாஸுக்குப் போய் இப்போதுள்ள செட்டிங் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு டிஃபால்ட்டுக்குத் திருப்புங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ என்பது இலவசம். ஒரு பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே பூட் செய்து இரவு முழுக்க ஓடவிடலாம். 32 ஜிபி என்றால் ஒரு சுற்று முடியவே நேரம் எடுக்கும். நடுவில் கரண்ட் போனாலும் கவலையில்லை, அது டிஸ்க்கில் எதையும் எழுதுவதில்லை. டிஃபால்ட்டில் ஒரே ஒரு பிழை வந்தாலும் பெரும்பாலும் ரேமோ ஸ்லாட்டோ கெட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு ரேமாக, பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில் தனியாகப் போட்டுப் பாருங்கள். டிஃபால்ட்டில் பிழை இல்லாமல் எக்ஸ்எம்பியில் மட்டும் வந்தால் செட்டிங்தான் காரணம்.

இரண்டிலுமே பிழை வரவில்லை, ஆனாலும் நீலத் திரை வருகிறது என்றால்? மெம்டெஸ்ட் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டும் பிராசசரும் அவ்வளவாகச் சூடேறுவதில்லை. அதனால் விண்டோஸுக்குள்ளேயே டெஸ்ட்மெம்5, ஓசிசிடி, பிரைம்95 ஆகிய சோதனை மென்பொருள்களில் ஒன்றை ஓடவிட வேண்டும். நேரத்தையும் பார்த்துச் செய்யுங்கள். ரேமுக்குள் ஒவ்வொரு பிட்டும் (0 அல்லது 1) மிகச் சிறிய மின்தேக்கியில் நிற்கிறது, சூடு ஏறினால் அது வேகமாகக் கசியும். காலை ஐந்தரைக்குப் பனியில் எல்லாம் பாஸாகும். பகல் ஒரு மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே அதே கம்ப்யூட்டர் விழும். நான் இரவில் ஒன்று, உச்சிவெயிலில் ஒன்று என்று இரண்டு தடவை சோதிப்பது அதனால்தான். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிர் உண்டு, ஆனால் காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஆறில் ஒரு பங்குக்குக் கிட்டக் குறைவு. அதே ஃபேன் அங்கே கொஞ்சம் குறைவாகத்தான் சூட்டை இழுக்கும். குளிர் ஊர்தானே என்று கேசிங்கின் ஃபேனை நிறுத்தி வைக்காதீர்கள்.

ஈரத்தையும் சொல்ல வேண்டும். மழை மாதங்களில் ரேமின் பொன்னிறப் பற்கள் மங்கிப்போகும். கழற்றி, மெத்தென்ற அழிறப்பரால் லேசாகத் தேய்த்து, தூளை முழுக்கத் தட்டிவிட்டு மறுபடி அழுத்திச் செருகுங்கள். இதற்கு ஒரு ரூபாவும் செலவில்லை. எனக்குத் தெரிந்த இரண்டு கம்ப்யூட்டர்கள் இதனாலேயே சரியாகிவிட்டன.

இப்போது வழிகளுக்கு வருகிறேன்.

முதலாவது, எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு டிஃபால்ட் வேகத்திலேயே ஓட்டுவது. ஐந்து நிமிட வேலை, இதைவிடப் பாதுகாப்பானது வேறில்லை. இழப்பு எவ்வளவு? இரண்டு சேனலில் (ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலான பாதை) 3200 நொடிக்கு 51.2 ஜிபி கடத்தும், 2133 கடத்துவது 34.1 ஜிபி. கேட்ட எழுத்து வருவதற்கான காத்திருப்பு 3200இல் சிஎல்16 (சிஎல் என்பது காத்திருக்கும் துடிப்புகளின் எண்ணிக்கை) என்றால் 10 நானோ நொடி, 2133இல் சிஎல்15 என்றால் 14. காகிதத்தில் பெரிய வித்தியாசம். ஆனால் வேர்டில் டைப் செய்வதற்கும், சூமில் வகுப்பு பார்ப்பதற்கும், கடையில் போட்டோ கொப்பி எடுத்துக் கொடுப்பதற்கும் இது கண்ணுக்கே தெரியாது. ஏ.எல். பிள்ளைக்குப் படிக்க வாங்கிய கம்ப்யூட்டர் என்றால் இதோடு நிறுத்திவிடுங்கள், மேலே படிக்க வேண்டியதில்லை. இது உதவாத ஓர் ஆள் உண்டு. தனியாகக் கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாமல் ரைசன் 3 3200ஜி, ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசரில் கேம் விளையாடுகிறவர். அவற்றில் படம் வரைகிற பகுதியும் இதே ரேமைத்தான் பங்குபோடுகிறது. ரேம் வேகம் இறங்கினால் கேம் நேராகவே திணறும்.

இரண்டாவது, எக்ஸ்எம்பியை ஆனிலேயே வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் ஒரு படி இறக்குவது. 3200ஐ 2933 ஆக்குங்கள். வோல்ட்டேஜ் அதே 1.35, டைமிங் எண்களும் (சிஎல் போன்றவை) அதே. பலர் கண்டுகொள்ளாத வழி இது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். இது ஏன் வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சிஎல்16 என்றால் பதினாறு துடிப்பு காத்திரு என்று அர்த்தம். வேகத்தை இறக்கினால் ஒவ்வொரு துடிப்பும் நீளுகிறது. அதே பதினாறு துடிப்பு 10 நானோ நொடியிலிருந்து 10.9க்குப் போகிறது. ரேமுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது, வோல்ட்டேஜோ பழைய தாராளத்திலேயே நிற்கிறது. ரைசனில் ரேமோடு சேர்ந்து துடிக்கும் உள்இணைப்பு ஒன்று உண்டு, இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்பார்கள். அதுவும் 1600இலிருந்து 1467க்கு இறங்குவதால் பிராசசர் பக்கமும் சுமை குறைகிறது. கடத்தும் அளவு 51.2இலிருந்து 46.9 ஜிபி. வேகத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு போகிறது, நிலைத்தன்மை கைக்கு வருகிறது. 2933இலும் பிழை வந்தால் 2666க்கு இறக்குங்கள். பயாஸில் கமாண்ட் ரேட் 2டி, கியர் டவுன் மோட் என்று ரேமுக்குக் கட்டளை போகும் வேகத்தைத் தளர்த்துபவற்றையும் ஆன் செய்து பார்க்கலாம். இவை எதுவும் பொருளைக் கெடுக்காது. ஒவ்வொரு படிக்கும் ஒரு இரவு சோதனை வேண்டும், செலவாவது அந்தப் பொறுமைதான்.

மூன்றாவது, வேகத்தை இறக்காமல் வோல்ட்டேஜை ஏற்றுவது. இணையத்தில் கேட்டால் முதலில் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் இதுதான். ரேமுக்கு 1.35ஐ 1.38, 1.40 ஆக்கு, பிராசசரில் ரேமைக் கையாளும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்ட்டேஜைக் கொஞ்சம் கூட்டு என்பார்கள். சில கம்ப்யூட்டர்களில் உண்மையாகவே சரியாகிவிடும். 1.4க்கு மேல் புரொஃபைல் எழுதிய டிடிஆர்4 ரேம்களைக் கடைகளிலேயே விற்கிறார்கள், ஆகவே இது பைத்தியக்காரத்தனம் இல்லை. ஆனால் வோல்ட்டேஜ் ஏறினால் சூடும் ஏறும், சூடு ஏறினால் பிழை கூடும் சிப்களும் உண்டு. உங்களிடம் இருப்பது எந்தச் சிப் என்று பெட்டியில் போட்டிருக்காது. எஸ்ஓசி வோல்ட்டேஜ் அதைவிட ஆபத்து. 2023இல் ரைசன் 7000 வரிசையில், முக்கியமாக எக்ஸ்3டி வகைகளில், சில பிராசசர்கள் சாக்கெட்டோடு கருகின. அதன் பிறகு ஏஎம்டி பயாஸ் அப்டேட் வழியாக எஸ்ஓசி வோல்ட்டேஜை 1.3க்கு மேல் போகவிடாமல் கட்டியது. எக்ஸ்போவை ஆன் செய்ததோடு மதர்போர்ட் தானாகவே அதை ஏற்றி வைத்த கதை அது.

கொழும்பில் இருப்பவருக்கு ஒரு பிராசசர் போனால் மறுநாள் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ இருப்பவருக்கு அது ஒரு நாள் சம்பளம், விடியக்காலை பஸ், வாரக்கணக்கில் வாரண்டிக்குக் காத்திருப்பது. ஓவர்கிளாக்கில் கெட்டது என்று சொல்லி வாரண்டியே இல்லை என்றாலும் வாதாட இடமில்லை. அதனால் வருமானத்துக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் மூன்றாவது வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை. கற்றுக்கொள்ள ஆசைப்படும் பிள்ளை, பழைய பாகங்களில் செய்து பார்க்கட்டும், மிகவும் நல்லது. மாற்றிய பிறகு கம்ப்யூட்டர் ஏறாமல் போனால் பயப்பட வேண்டாம். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மதர்போர்டில் உள்ள காசு போன்ற வட்ட பேட்டரியைக் கழற்றிச் சிறிது நேரம் கழித்துப் போட்டால் செட்டிங் பழையபடி ஆகிவிடும்.

நான்காவது, ரேமை மாற்றுவது. நான்கு 8 ஜிபிக்குப் பதில் ஒரே பெட்டியில் ஜோடியாக வந்த இரண்டு 16 ஜிபி. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதுவே முழுத் தீர்வு. நான்கு ரேமை விட இரண்டு ரேம், பிராசசரில் ரேமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலருக்கு லேசான சுமை. மதர்போர்ட் நிறுவனத்தின் தளத்தில் சோதித்துப் பார்த்த ரேம்களின் பட்டியல் இருக்கும், அதில் உள்ளதை வாங்கினால் எக்ஸ்எம்பியிலேயே நிற்பதற்கு வாய்ப்பு அதிகம். தடை விலைதான். 2022இல் ரூபா விழுந்தபோது ஏறிய விலையை நாம் மறக்கவில்லை. 2025இன் கடைசியிலிருந்து செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் ரேமை அள்ளிக்கொள்வதால் உலகம் முழுக்கவே விலை ஏறியது. டிஃபால்ட் வேகத்திலும் பிழை காட்டும் ரேம் என்றால் வேறு வழியில்லை, மாற்றித்தான் ஆகவேண்டும். செட்டிங்கில் தீரும் கோளாறுக்காகக் கடன்பட்டு வாங்க வேண்டாம்.

பயாஸ் அப்டேட்டை நான் தனி வழியாக எண்ணவில்லை, எல்லா வழிக்கும் முந்திய படி அது. பழைய பயாஸில் நிற்காத ரேம் புதியதில் நின்ற அனுபவம் ரைசன்காரர்களுக்கு நிறைய உண்டு. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர் வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம். பிராசசருக்குப் போகும் வோல்ட்டேஜ் மிகையாக இருந்ததால் அவற்றில் சில கெட்டன. பலர் ரேமையும் எக்ஸ்எம்பியையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2024இல் இன்டெல் திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. ஏற்கெனவே கெட்ட பிராசசரைத் திருத்தம் குணமாக்காது, மாற்றித்தான் வாங்க வேண்டும். ஆனால் அப்டேட் நடுவில் கரண்ட் போனால் மதர்போர்டே போய்விடக்கூடும். ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் மத்தியானத்துக்குப் பிறகு இடி மின்னல் இல்லாத நாள் எங்களுக்குக் குறைவு. யூபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள், காலையிலேயே செய்துமுடியுங்கள்.

நான் போன வழி இது. டிஃபால்ட்டில் ஓர் இரவு முழுக்கப் பிழையில்லை. எக்ஸ்எம்பியில் நாற்பது நிமிடத்துக்குள் பிழை வந்தது. 2933க்கு இறக்கியதும் இரவுச் சோதனை பாஸ், மறுநாள் பகல் ஒரு மணிக்கு டெஸ்ட்மெம்5இல் ஒரே ஒரு பிழை. ஒன்றுதானே என்று விட்டுவிட மனம் வந்தது. அந்தப் பதினொரு படங்களை நினைத்துக்கொண்டு 2666க்கு இறக்கினேன். அதன் பிறகு வெயிலிலும் பனியிலும் ஒரு பிழையும் இல்லை. கல்யாண வீடியோ எக்ஸ்போர்ட் செய்ய முன்பு ஆன நேரத்துக்கும் இப்போது ஆகும் நேரத்துக்கும் ஒரு பிளேன்டீ குடிக்கும் அளவுகூட வித்தியாசமில்லை.

பொகவந்தலாவையில் ஒரு தம்பிக்கு இதே நீலத் திரை. 5600ஜி, இரண்டு ரேம், 3600 புரொஃபைல். "அண்ணே, வோல்ட்டேஜ் கூட்டினா சரியாகும்னு வீடியோவில சொல்றாங்க, கூட்டவா?" என்று கேட்டார். முதலில் 3200 வைத்து ஓர் இரவு பாருங்க தம்பி, வோல்ட்டேஜைத் தொடாதீங்க என்றேன். அவருடைய கேமுக்கு வேகம் வேண்டும், அதனால் டிஃபால்ட்டுக்கு இறங்கச் சொல்லவில்லை. 3200இல் அவருடையது நிற்கிறது.

ஒரு பழக்கத்தையும் அன்றிலிருந்து மாற்றிக்கொண்டேன். படங்களை ஏற்றியபின் ஒவ்வொரு ஃபைலையும் கார்டில் உள்ளதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் காப்பி மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். இரண்டாவது டிஸ்க்கிலும் ஏற்றி, அதையும் சரிபார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்கிறேன்.